குன்னூர்ல ஒரு மீன் தொட்டி கடை: ஹீட்டர் கேட்டா விக்க மாட்டாரு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்ல கோல்டுஃபிஷ் வெச்சிருக்கறவங்களுக்கும், வாங்கலாமான்னு யோசிச்சுட்டு இருக்கறவங்களுக்கும்தான் இத எழுதறேன். கீழ கோயம்புத்தூர்ல இருந்து படிக்கறீங்கன்னா இதுல பாதி உங்களுக்கு ஒத்து வராது, ஏன்னு போகப்போகப் புரியும். கடைக்கு போர்டு கெடையாது. குன்னூர் மார்க்கெட் பக்கம் ஒரு படிக்கட்டுச் சந்துல, ஷட்டர் எப்பவும் பாதிதான் தூக்கியிருக்கும், உள்ள நீல லைட் தெரியும். வழி கேக்கறப்ப "வளக்கற மீன் கடை"ன்னு தெளிவா கேளுங்க, வெறும் மீன் கடைன்னு கேட்டா மத்தி விக்கற எடத்துக்கு கைய காட்டி விட்டுடுவாங்க.

மொதல்லயே மார்க்க சொல்லிடறேன், 5க்கு 4. அந்த ஒரு மார்க்க எதுக்கு கொறச்சேன்னு பின்னாடி வருது.

இந்தக் கடையில எனக்குப் புடிச்சதே மீனக் காட்டறதுக்கு முன்னாடி கடைக்கார அண்ணன் கேக்கற கேள்விதான். "ஏம்மா, உங்க வீட்டுத் தண்ணி எங்கிருந்து வருது, முனிசிபாலிட்டியா, கெணறா, ஊத்தா?" இதக் கேக்காம ஒரு மீனக்கூட கைய வெச்சு எடுக்க மாட்டாரு. தெரியாதுன்னு சொன்னா ஒரு சின்ன பாட்டில்ல தண்ணி புடிச்சிட்டு வரச் சொல்லி திருப்பி அனுப்பிடுவாரு. எனக்கு முன்னாடி நின்னுட்டிருந்த ஒரு ஆள் காச கையில வெச்சுட்டே "காசு குடுத்தா மீன் குடுக்க மாட்டியா"ன்னு கோவமா பேசிட்டு எறங்கிப் போனாரு, இவரு கண்டுக்கவே இல்ல. வியாபாரம் பண்ற ஆளு இப்படி இருந்தா எப்படிப் பொழைப்பாருன்னு எனக்கும் தோணுச்சு, ஆனா அந்தத் தண்ணி டெஸ்ட்ட பக்கத்துல நின்னு பாத்தப்புறம் விஷயம் புரிஞ்சுது.

டெஸ்ட்டுக்கு 20 ரூபா வாங்கறாரு. கண்ணாடி டியூப்ல 5 மில்லி கோடு வரைக்கும் நம்ம தண்ணிய ஊத்தி, கேஹெச் பாட்டில கவுத்து ஒவ்வொரு சொட்டா விடறாரு. கேஹெச்சுன்னா தண்ணியில கரைஞ்சிருக்கற கார்பனேட்டு, அதாவது பிஹெச் சட்டுனு எறங்காம தாங்கிப் புடிக்கற சரக்கு. பிஹெச்சுங்கறது தண்ணியோட புளிப்பக் காட்டற அளவு, அது எறங்க எறங்க தண்ணி புளிப்பாகுதுன்னு அர்த்தம். சொட்டு விட்டா தண்ணி மொதல்ல நீலமாகும், விட்டுக்கிட்டே போகப்போக எந்தச் சொட்டுல மஞ்சளா மாறுதோ அத்தன டிகிரி கேஹெச்சுன்னு கணக்கு. அவரு கடையில ஒரு பாட்டில்ல கீழ்நாட்டு போர் தண்ணி வெச்சிருக்காரு, காட்டறதுக்குன்னே. அதுல சொட்டு விட விட நீலமாவே நிக்குது, எண்ணி எண்ணி எனக்கே சலிச்சுப் போச்சு. அப்புறம் நாங்க கொண்டு போன தண்ணி. மொத சொட்டு விழுந்து டியூப்ப ஒரு ஆட்டு ஆட்டினாரு, அவ்வளவுதான், மஞ்சள். நீலமே கண்ணுல படல. "பாத்தியாம்மா, உங்க தண்ணியில ஒண்ணுமே இல்ல, மழத்தண்ணி மாதிரி இருக்கு, குடிக்க நல்லாருக்கும், மீனுக்குத்தான் கஷ்டம்"னாரு.

இதத்தான் யாரும் சொல்றதே இல்ல. நெட்டுல பாக்கற வீடியோ எல்லாம் கீழ்நாட்டு ஆளுங்க எடுக்கறது, அவங்களுக்குப் பிரச்சனையே உப்புத் தண்ணி, கடினத் தண்ணி, அத எப்படிக் கொறைக்கறதுன்னுதான் பேசுவாங்க. நம்ம மலையில நெலம தலைகீழ். இங்க சுண்ணாம்புப் பாறை கெடையாது, கெட்டியான பழைய பாறையும் செம்மண்ணும்தான், அது மேல ஓடி வர்ற தண்ணிக்கு சேத்துக்க ஒண்ணும் இல்ல. கோல்டுஃபிஷ் பயங்கரமா சாப்ட்டு பயங்கரமா கழியற மீனு. அது செவுள் வழியா விடற அமோனியாவ ஃபில்டர்ல வளர்ற பாக்டீரியா நைட்ரைட்டாக்கி அப்புறம் நைட்ரேட்டாக்குது, இது எல்லாருக்கும் தெரிஞ்ச கத. ஆனா அந்த வேலையச் செய்யறதுக்கு பாக்டீரியா கார்பனேட்ட சாப்பிடும், ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு சுமார் 7 கிராம் கணக்குல. இருக்கறதே ஒரு சொட்டு அளவு, அது தீந்து போச்சுன்னா பிஹெச் கடகடன்னு எறங்கும், 6க்குக் கீழ போனா பாக்டீரியாவும் வேலைய நிறுத்திடும், அமோனியா சேர ஆரம்பிக்கும். மீன் மூலையில ஒடுங்கிக்கும், ரெக்கைய ஒடம்போட ஒட்டி வெச்சுக்கும். தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும், நம்ம என்ன நெனைப்போம், மீனுக்கு ஏதோ சீக்கு, மருந்து ஊத்துன்னு போயி இன்னும் கெடுத்து விட்ருவோம்.

இன்னொரு விஷயம் அண்ணன் சொன்னது, இது நெஜமாவே உயிர் காக்கற விஷயம். இப்படி பிஹெச் எறங்கின தொட்டிக்கு யாராவது ஒரேயடியா பாதித் தண்ணிய மாத்தி, பிஹெச் ஏத்தற பவுடரையும் அள்ளிப் போட்டா மீன் அன்னைக்கே செத்துப் போகும். ஏன்னா பிஹெச் கம்மியா இருக்கறப்ப அமோனியா பெருசா கடிக்காது, அம்மோனியமா அடங்கி இருக்கும். 6.5ல இருந்து 8க்கு ஏத்தினீங்கன்னா அதே அளவுல விஷமான பங்கு சுமார் 30 மடங்காகும். "நேத்து வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு, சுத்தம் பண்ணினதும் செத்துடுச்சு"ன்னு பாதி பேரு சொல்றது இதுதான். கொஞ்சம் கொஞ்சமா, தினம் பத்துல ஒரு பங்கு தண்ணின்னு மாத்தி மெதுவாதான் மேல கொண்டு வரணுமாம்.

இதுக்கு அவரு வெச்சிருக்கற வைத்தியம் பாருங்க, காசே இல்ல. கடையில இருக்கற எல்லா கோல்டுஃபிஷ் தொட்டியிலயும் மூலையில ஒரு சிவப்பு வலைப்பை தொங்கும், சின்ன வெங்காயம் வருமே, அந்தப் பைதான், உள்ள ஒரு கைப்பிடி கிளிஞ்சல். சுண்ணாம்புக்குச் சுடற அதே கிளிஞ்சல், நல்லா கழுவி, வெந்நீர்ல போட்டு எடுத்தது. தண்ணி புளிக்கப் புளிக்க அது கரையும், சரியானதும் கரையறது கொறைஞ்சிடும், நம்ம எதையும் அளக்கத் தேவையில்ல. அவசரத்துக்குன்னா ஆப்ப சோடா, 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போட்டா கேஹெச் 4 கிட்ட ஏறும், அதையும் ரெண்டு மூணு நாளா பிரிச்சுப் போடச் சொல்றாரு. கிளிஞ்சல் ஒரு பை 30 ரூபா. இதே வேலைக்கு ஆன்லைன்ல கோரல் துண்டுன்னு சின்ன டப்பாவுல அடைச்சு எவ்வளவுக்கு விக்கறாங்கன்னு நீங்களே தேடிப் பாருங்க.

குளோரின் மேட்டர். குன்னூர்க்காரங்களுக்கு ரேலியா டேம் தண்ணி, ஊட்டியில நெறைய ஏரியாவுக்கு பார்சன்ஸ் வேலி தண்ணி, எதுவா இருந்தாலும் சில நாள் பைப்பத் தொறந்தா பிளீச்சிங் வாசன மூக்கத் தொளைக்கும். வெயில் காலத்துல தண்ணி விடறதே பல நாளைக்கு ஒருக்கா, வந்த தண்ணிய டிரம்ல புடிச்சு வெச்சுதான் பொழப்பு ஓடுது, அதனால குளோரின் தானாவே பறந்துடும், இது நமக்கு வந்த சின்ன லாபம். அன்னைக்கே புடிச்ச தண்ணிய ஊத்தணும்னா ஹைப்போ போடணும், அதாவது குளோரின முறிக்கற சோடியம் தயோசல்பேட் கல்லு. அண்ணன் ஹைப்போவ பேப்பர்ல மடிச்சு பொட்டலமா தர்றாரு, 10 ரூபா, 20 லிட்டர் பக்கெட்டுக்கு அரிசி சைஸ்ல நாலஞ்சு கல்லு போட்டு கலக்கிவிட்டா போதும். எங்கப்பா அந்தப் பொட்டலத்தப் பாத்ததும் முகமே மலந்துடுச்சு, அவரு இந்துநகர் ஃபிலிம் ஃபேக்டரியில வேல பாத்தவரு, ஃபோட்டோ கழுவற ஆளுங்க ஃபிக்ஸருக்குப் போடறதும் இதே ஹைப்போதான். "எங்காளுங்க மூட்ட மூட்டையா பாத்த சரக்கு, நீ பொட்டலம் 10 ரூபான்னு வாங்கிட்டு வர்ற"ன்னு அன்னைக்கு பூரா ஃபேக்டரி கதைதான். 1960ல ஆரம்பிச்ச கம்பெனி, இப்ப மூடிக் கெடக்கு, அதப் பத்தி அவரு பேச ஆரம்பிச்சா மீன் மறந்து போயிடும், விடுங்க.

இப்ப ஹீட்டர். எங்க தம்பி வீடு லவ்டேல்ல, டிசம்பர் மாசம் அவங்க வீட்டுக் காய்கறித் தோட்டமெல்லாம் உறைபனி விழுந்து வெள்ள வெளேர்னு கெடக்கும். மீனுக்குக் குளிருமேன்னு அவனும் அவன் பொண்டாட்டியும் ஹீட்டர் வாங்க என் கூட வந்தாங்க. அண்ணன் விக்க மாட்டேன்னுட்டாரு. "தம்பி, இது கெண்ட சாதி மீனு, சீனாவுல குளத்துல வளந்தது, மேல ஐஸ் கட்டினாலும் அடியில கெடந்து பொழைக்கும். உனக்கு ஸ்வெட்டர் வேணும், அதுக்கு வேண்டாம்." அப்புறம் கால்குலேட்டர எடுத்து வெச்சு ஒரு கணக்கு போட்டாரு பாருங்க. 100 வாட் ஹீட்டரு, ஊட்டிக் குளிர்ல அது நிக்கவே நிக்காது, நாள் பூரா ஓடினா 2.4 யூனிட்டு, மாசம் 72, ரெண்டு மாசத்துக்கு 144. அப்ப கவர்மெண்ட்டு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீயா குடுத்துட்டு இருந்துச்சு, மீனே அத மொத்தமா முழுங்கிட்டு மேலயும் கேக்கும். தம்பி பொண்டாட்டி அந்த எடத்துலயே "வாங்க போலாம்"னுட்டா.

ஆனா எல்லா கோல்டுஃபிஷ்ஷும் ஒண்ணு இல்லங்கறதயும் சொல்றாரு. நீட்டா ஒடம்பு இருக்கற சாதா கோல்டுஃபிஷ், காமெட், ஷுபங்கின் இதெல்லாம் ஊட்டிக்கு கண்ண மூடிட்டு வாங்கலாம். உருண்டையா இருக்கற ஒராண்டா, ரியூகின், பிளாக் மூர் எல்லாம் 18 டிகிரிக்கு மேல இருந்தாதான் சௌகரியமா இருக்கும், அதுங்களுக்கு குடலு அமுங்கி இருக்கறதால குளிர்ல செரிமானம் படுத்துக்கும், தலகீழா மெதக்க ஆரம்பிச்சுடும். வீட்டுக்குள்ள வெக்கற எடமும் முக்கியம், ஜன்னல் ஓரமும் வேண்டாம், அடுப்புக்குப் பக்கமும் வேண்டாம், ஒரே சீரா இருக்கற உள் செவுரு ஓரமா வெக்கச் சொல்றாரு. ராத்திரிக்கும் பகலுக்கும் நாலஞ்சு டிகிரி ஆடறதுதான் மீன வாட்டுமாம், சும்மா குளிரா இருக்கறது இல்ல. பபிள் ஐ, அந்தக் கண்ணுக்குக் கீழ பை தொங்கற மீனு, அத ஊட்டின்னு சொன்னா எடுத்துத் தரவே மாட்டாரு. என் பையனுக்கு அதுதான் வேணும்னு அழுதான், அப்படியும் தரல.

சாப்பாடு விஷயத்துலயும் இந்தக் குளிர் கணக்கு உண்டு. கோல்டுஃபிஷ்ஷுக்கு எரப்பைன்னு தனியா ஒண்ணு கெடையாது, வாயில போனது நேரா குடலுதான், அதனால எப்பவும் பசிக்கற மாதிரியே மூஞ்ச வெச்சுட்டு கண்ணாடிய முட்டும், அத நம்பிப் போட்டீங்கன்னா போச்சு. ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவுதான் ஒரு வேளைக்கு. தண்ணி 10, 12 டிகிரிக்கு எறங்கற மாசத்துல ரெண்டு நாளைக்கு ஒருக்கா கொஞ்சம் போட்டா போதும், 10க்குக் கீழன்னா போடவே வேண்டாம், ஏன்னா மீனுக்கும் செரிக்காது, ஃபில்டர் பாக்டீரியாவும் அந்தக் குளிர்ல மந்தமாதான் வேல பாக்கும். தீனிய அப்படியே மேல தூவாம ஒரு ஸ்பூன் தண்ணியில ஊற வெச்சு அமுங்கற மாதிரி போடச் சொல்றாரு, மெதக்கற தீனிய தின்னா காத்தையும் சேத்து முழுங்கும். மெதக்கற சீக்கு வந்துட்டா ரெண்டு மூணு நாள் பட்டினி போட்டுட்டு, நம்ம ஊர் பச்சப் பட்டாணிய வேக வெச்சு தோல உரிச்சு நசுக்கிப் போடணும். பட்டாணிக்கு மட்டும் நம்மகிட்ட பஞ்சமே இல்ல, மீனுக்குப் போக மிச்சம் குருமாவுக்கு.

அடுத்தது ஏர் பம்பு. குளுந்த தண்ணியில ஆக்ஸிஜன் நெறைய இருக்கும், பம்பு எதுக்குன்னு கேக்கறவங்க உண்டு, எங்க வீட்டுக்காரரே கேட்டாரு. குளுந்த தண்ணி நெறைய புடிச்சு வெக்கும்ங்கறது சரிதான், ஆனா ஊட்டியில நம்ம 2,240 மீட்டர் ஒயரத்துல உக்காந்திருக்கோம், காத்தோட அழுத்தமே கடல் மட்டத்துல இருக்கறதுல முக்காப் பங்குதான். கணக்குப் போட்டா ஊட்டியில 15 டிகிரி தண்ணி புடிச்சு வெக்கற ஆக்ஸிஜனும் சென்னையில 30 டிகிரி தண்ணி புடிச்சு வெக்கறதும் கிட்டத்தட்ட ஒண்ணு, லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் சொச்சம். குளுருக்குக் கெடச்ச லாபத்த மல தின்னுடுது. இதுக்கு சாட்சி வேணும்னா மீன் லோடு வர்றப்ப பாக்கணும். சென்னை கொளத்தூர்ல இருந்து ஆக்ஸிஜன் அடைச்ச கவர்ல மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒழுங்கா வர்ற பை எல்லாம் பர்லியார் தாண்டி மேல ஏற ஏற சிப்ஸ் பாக்கெட்டு மாதிரி உப்பி டிங்குன்னு நிக்கும். அதனால மேல அனுப்பற மீனுக்கு காத்த கம்மியா அடைங்கன்னு சொல்லியே வாங்கறாராம்.

நான் வாங்கினது ரெட்ட ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒரு பம்பு, டியூபு, அப்புறம் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு. மொத்தம் 600 ரூபாய்க்குள்ள. ஸ்பான்ஜ் ஃபில்டர பாத்தா ஒரு சாமானாவே தெரியாது, ரெண்டு கருப்பு உருள, நடுவுல குழாய், உள்ள இருந்து குமிழி வரும், அவ்வளவுதான். ஆனா கோல்டுஃபிஷ்ஷுக்கு இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்னு நான் தைரியமா சொல்வேன். அந்தக் கருப்பு ஸ்பான்ஜு பூராவும்தான் பாக்டீரியா குடியிருக்கும். அத பைப் தண்ணியில புழியவே கூடாது, தண்ணி மாத்தறப்ப எடுத்த தொட்டித் தண்ணியிலயே ஒரு பக்கெட்டுல போட்டு ரெண்டு அமுக்கு அமுக்கி, பழுப்பா வர்றது போனதும் திருப்பி மாட்டிடணும். ரெண்டு ஸ்பான்ஜு இருக்கறதோட சௌகரியமே ஒரு தடவ ஒண்ண மட்டும் புழியலாம்ங்கறதுதான். ஒரே கொற பம்போட சத்தம், ராத்திரி ஊரே அடங்கினப்புறம் ஙொய்னு கேக்கும், அடியில பழைய மிதியடிய மடிச்சு வெச்சதும் கொஞ்சம் அடங்குச்சு.

வால்வு எதுக்குன்னா, நம்ம ஊர் கரண்ட்டுக்கு. மழ காலத்துல எங்கயோ ஒரு சீகை மரம் ஒயர் மேல சாஞ்சா அன்னைக்கு ராத்திரி அவ்வளவுதான். பம்பு நின்னதும் தொட்டித் தண்ணி டியூபு வழியா பின்னாடி எறங்கி பம்புக்குள்ள வரும், அப்புறம் கரண்ட் வந்தா என்ன ஆகும்னு சொல்லவா வேணும். 15 ரூபா வால்வு, இல்லன்னா பம்ப தொட்டிய விட ஒயரத்துல வெச்சுடணும். நீண்ட கட்டுக்கு யூஎஸ்பி பம்பு ஒண்ணும் வெச்சிருக்காரு, பவர் பேங்க்ல ஓடும், மீன் நெறைய வெச்சிருக்கறவங்க வாங்கிக்கலாம், பெரிய தொட்டியில ஒண்ணு ரெண்டு மீன்னா குளிர் மாசத்துல அவசியம் இல்ல.

தொட்டி சைஸ்ல அவரு விட்டுக் குடுக்கறதே இல்ல, ஒரு மீனுக்கு 75 லிட்டர், அடுத்து ஒவ்வொண்ணுக்கும் 40 கூட. காமெட்டு வளந்தா ஒரு அடி வரைக்கும் போகும்னு ஸ்கேல காட்டறாரு, நம்ப மாட்டாங்க, ஏன்னா நம்ம பாத்ததெல்லாம் கண்ணாடிக் கிண்ணத்துல விரல் நீளத்துலயே செத்துப் போன மீனுதான். இங்கிலாந்துல டிஷ்னு ஒரு கோல்டுஃபிஷ் 43 வருஷம் இருந்து 1999ல செத்துச்சு, அத அவரு எங்கயோ பிரிண்ட் எடுத்து கல்லாவுக்குப் பின்னாடி ஒட்டி வெச்சிருக்காரு. கண்ணாடித் தொட்டிக்கு காசு இல்லன்னா தண்ணி டிரம்ம பாதியா அறுத்து வெச்சுக்கோங்கறாரு. கல்லு, பொம்ம, பிளாஸ்டிக் செடி எதுவும் வேண்டாம், அடி வெறுமையா இருக்கட்டும், கூழாங்கல்லு தொண்டையில மாட்டிக்கும்னு சொல்லி கையில எடுத்தத கீழ வெக்க வெச்சுட்டாரு. சக்கர் மீனும் சேக்க விடல, ராத்திரியில கோல்டுஃபிஷ் ஒடம்புல ஒட்டி வழவழப்ப உறிஞ்சுமாம்.

இவ்வளவு பேசற மனுஷன் கடை வாசல்லயே வரிசையா உருண்டக் கிண்ணம் அடுக்கி வெச்சிருக்காரே, அதுதான் எனக்கு ஆகல. நேராவே கேட்டேன், "ஏண்ணா, கிண்ணம் மீனுக்கு எமன்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு விக்கறீங்க?" "சீசன்ல டூரிஸ்ட்டு கேக்கறாங்கம்மா, பூ மெதக்க விடறதுக்கு வாங்கறாங்க, அது ஓடினாதான் வாடக கட்ட முடியும்"னாரு. பூ மெதக்க விடற கிண்ணத்துக்குப் பக்கத்துல கலர் கல்லும் குட்டி வலையும் எதுக்கு வெக்கணும்? வாங்கிட்டுப் போறவங்க வேற எங்கயாவது மீன வாங்கி அதுல போடத்தான் போறாங்க. அரை மார்க்கு அதுக்குப் போச்சு.

மிச்ச அரை மார்க்கு மருந்துக்கு. நீல மருந்து, மஞ்ச மருந்துன்னு பெரிய கேன்ல இருந்து சின்ன பாட்டில்ல ஊத்தித் தர்றாரு, மேல பேரும் இல்ல அளவும் இல்ல, வாயில சொல்றதுதான். நீல மருந்து மெத்திலீன் புளூ, அத ஃபில்டர் ஓடற தொட்டியில ஊத்தினா பாக்டீரியாவையும் சேத்துக் கொன்னுடும், தனி பக்கெட்டுல வெச்சுதான் வைத்தியம் பண்ணணும், இத எல்லாரும் ஞாபகமா வெச்சிருப்பாங்களா? ஒரு சீட்டு எழுதி ஒட்டினா என்ன கொறைஞ்சா போயிடும். பில்லும் கெடையாது. ஃபோன் பண்ணினா எடுக்கவே மாட்டாரு.

ஆனா வெள்ளப் புள்ளி சீக்குக்கு இவரு பண்ற ஏற்பாடு வேற எங்கயும் நான் பாத்ததில்ல. மீன் மேல ரவை தூவின மாதிரி வர்ற சீக்கு. அந்தப் பூச்சி மீன் தோலுக்குள்ள இருக்கற வரைக்கும் எந்த மருந்தும் எட்டாது, வெளிய வந்து நீந்தறப்பதான் சாகும். 25 டிகிரி தண்ணியில அதோட ஒரு சுத்து ஒரு வாரத்துக்குள்ள முடிஞ்சுடும், 10 டிகிரின்னா ஒரு மாசத்துக்கும் மேல இழுக்கும். கீழ்நாட்டு ஆளுங்க ஒரு வாரம் மருந்து போட்டு சரியாச்சுன்னு சொல்றத நம்பி நம்மளும் ஒரு வாரத்துல நிறுத்தினா திரும்ப வரும், வந்துட்டே இருக்கும். அதுக்கு மட்டும் அண்ணன் ஹீட்டர் தர்றாரு, விலைக்கு இல்ல, வாடகைக்கு. 500 ரூபா அட்வான்ஸ், வாரம் 50. தினம் ஒரு டிகிரி ரெண்டு டிகிரின்னு மெதுவா ஏத்தி, பம்ப நல்லா ஓட விட்டு, லிட்டருக்கு 3 கிராம் வரைக்கும் கல்லுப்ப ரெண்டு நாளா பிரிச்சுக் கரைச்சு ஊத்தணும். புள்ளி போனப்புறமும் ஒரு வாரம் விட்டு, அதே மாதிரி மெதுவா எறக்கிட்டு ஹீட்டர கொண்டு போய்க் குடுத்துடணும். பக்கத்து வீட்டு அக்கா ஒராண்டா இப்படித்தான் பொழைச்சுது, இப்பவும் அவங்க ஹால்ல குண்டுத் தலைய ஆட்டிட்டு சுத்துது. அவங்க மொதல்ல மீன் வாங்கினது வேற ஊர்ல ஒரு கடையில, அங்க ஒரே தொட்டியில நூறு மீன அடைச்சு வெச்சு, செத்தத எடுக்காம வித்துட்டு இருந்தாங்களாம், சீக்கு அங்கிருந்தே வந்ததுதான்.

வீட்டுக்குக் கொண்டு வர்ற விஷயம். நீலகிரியில பிளாஸ்டிக் கவருக்குத் தடை, செக்போஸ்ட்டுல நிறுத்தி பாக்கறாங்க, ஃபைன் போடறாங்க, அதனால இவரு கவர்ல கட்டித் தர மாட்டாரு. மூடி போட்ட டப்பா நம்மதான் எடுத்துட்டுப் போகணும். நான் எடுத்துட்டுப் போனது மாவு டப்பா, 10 லிட்டர், சோப்புப் போடாம வெறும் தண்ணியில பல தடவ அலசினது. மூணுல ஒரு பங்கு தண்ணி, மேல பூரா காத்து, மூடிய லேசா வெச்சு மூடினேன். குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு பஸ்ல வளைவு வளைவா வர்றப்ப உள்ள சளக் சளக்னு சத்தம் வந்துட்டே இருக்கும், கண்டக்டர் ரெண்டு தடவ திரும்பிப் பாத்துட்டு "என்னக்கா, மாவு பொங்குதா"ன்னாரு. வீட்டுக்கு வந்ததும் நேரா கவுத்துடாதீங்க, தொட்டித் தண்ணிய ஒவ்வொரு டம்ளரா டப்பாவுக்குள்ள ஊத்தி அரை மணி நேரம் பழக்கி, அப்புறம் மீன மட்டும் கையால மெதுவா எடுத்து விடணும், டப்பாத் தண்ணிய தொட்டியில சேக்காம கொட்டிடணும். ஏற்கெனவே மீன் இருந்தா புதுசத் தனியா ஒரு மாசம் வெக்கச் சொல்றாரு. குளிர்ல சீக்கு வெளிய தெரிய நாளாகும்ல, அதனால.

வளக்க முடியலன்னா ஏரியில விட்டுடாதீங்க, அவரே திருப்பி வாங்கிக்கறாரு, காசு தர மாட்டாரு, ஆனா மீன் பொழைக்கும்.

நான் போனப்ப விலை: காமெட் குட்டி 40ல இருந்து, ஷுபங்கின் 80, ஒராண்டா சின்னது 150ல ஆரம்பிச்சு மேல போகுது, மேட்டுப்பாளையத்த விட கொஞ்சம் கூடதான். ஜீபே இருக்கு, சிக்னல் இல்லன்னா படிக்கட்டுக்கு வெளிய வந்து போடணும். கடை காலையில 11 மணிக்கு மேலதான், மத்தியானம் சாப்பாட்டுக்கு ஷட்டர எறக்கிடுவாரு, செவ்வாக்கிழம லீவு. லோடு வியாழக்கிழம வரும், அன்னைக்குப் போனா புது மீன வேடிக்க பாக்கலாம், வாங்க முடியாது, பத்து நாள் கடைத் தண்ணியில வெச்சு பழக்கினப்புறம்தான் குடுப்பாரு.